பி.எஸ்சி. கணிதம்: விரும்பி எடுக்கிறார்களா, எடுத்தபின் விரும்புகிறார்களா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். அண்ணன் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வீட்டில் ஆளாளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. என்கிறார்கள். அவள் மட்டும் பி.எஸ்சி. கணிதம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கல்லூரிக்குப் போயும் கணக்கையே விரும்பி எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் அதில் அப்படி என்னதான் கண்டுவிட்டார்கள்?" என்று கேட்கிறீர்கள்.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன். முதலிலேயே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் கணக்கை விரும்பி எடுக்கவில்லை. எடுத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் அவர்களில் சிலருக்கு அது பிடித்துப்போனது. எடுத்ததற்கும் பிடித்ததற்கும் நடுவே ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஓடியிருக்கும். எடுத்த காரணமும் பிடித்த காரணமும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது குறைவு. அதனால் உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் முதல் நாள் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம், "ஏன் மேக்ஸ்?" என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் போதும் என்பேன். பெயர் வேண்டாம் என்றதும் உண்மை வந்துவிடும். "இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைக்கவில்லை." "பிசிக்ஸ் கேட்டேன், சீட் முடிந்துவிட்டது." "அக்கா மேக்ஸ் படித்தாள், புத்தகமெல்லாம் வீட்டில் இருக்கிறது." "பி.எட். முடித்தால் டீச்சர் ஆகலாம்." "லேப் கிடையாது, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்."

கடைசிப் பதிலைப் படித்துவிட்டுச் சிரித்துவிடாதீர்கள். எங்கள் கல்லூரிக்குச் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்துதான் பிள்ளைகள் வருவார்கள். வேதியியல் எடுத்த பெண் பிராக்டிகல் முடித்து வெளியே வர ஐந்து மணி ஆகும். அடுத்த பஸ் ஆறேகாலுக்கு. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். "அப்படியென்ன படிப்பு?" என்று கேட்கத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கணக்குக்கு நோட்டும் பேனாவும் போதும். அறுபது பேர் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பெண்களாகவே இருந்ததற்கு பஸ் நேரமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் டியூஷன். கணக்கு படித்தவள் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து மாதம் ஏதோ ஒரு தொகையைத் தன் கையால் சம்பாதிக்கலாம். தாவரவியல் படித்தவளுக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. இந்தக் கணக்கை எல்லாம் அப்பா அம்மா போட்டிருப்பார்கள், பிள்ளையும் போட்டிருக்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் சீட்டில் வேறொன்றும் இருக்கும்: "மேக்ஸுக்கு இங்கிலீஷ் அதிகம் வேண்டாம்." இதுவும் சரியான கணிப்புதான். வரலாற்றிலோ பொருளாதாரத்திலோ ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தடுமாறுகிற பிள்ளை, கணக்கில் "லெட்", "தென்", "தேர்ஃபோர்", "ஹென்ஸ் ப்ரூவ்டு" என்ற நாலைந்து சொற்களையும் குறியீடுகளையும் வைத்துக்கொண்டே முழு நிரூபணத்தை எழுதிவிடும். மற்ற துறைகளில் ஆங்கிலத்தால் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறவர்கள் கணக்கு வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சீட்டுகளில் "பிடிக்கும்" என்ற சொல்லே வராதா என்றால், வரும். அதிலும் பாதிக்குமேல், "எங்கள் ஸ்கூல் கணக்கு டீச்சரை ரொம்பப் பிடிக்கும்" என்ற வரியாகத்தான் வரும். பாடத்துக்கு முன்னால் பாடம் நடத்தியவர் பிடித்துப்போவது எல்லாத் துறைக்கும் பொது. ஆனால் கணக்கில் அது கூடுதல். ஏனென்றால் கணக்கு வராது என்று பயந்துகிடந்த பிள்ளையை அந்தப் பயத்திலிருந்து வெளியே தூக்கிவிட்டவர் யாராவது ஒரு டீச்சராகத்தான் இருப்பார். அந்த நன்றி ஆயுளுக்கும் போகாது.

அடிக்கடி வந்த இன்னொரு வரி: "மனப்பாடம் பண்ண வேண்டாம்." இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். இதே பிள்ளைகள் மூன்றாம் செமஸ்டரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பருவத்தேர்வு விடைத்தாளில், ஒரு தேற்றத்தின் நிரூபணம் முத்து முத்தான கையெழுத்தில் வரிவரியாகச் சரியாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் "பக்கம் 112-ஐப் பார்க்க" என்றும் இருந்தது. கைடில் இருந்ததைப் பக்க எண்ணோடு சேர்த்து நெட்டுருப் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. குறை பிள்ளையுடையது என்று நான் சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப அதே பத்துத் தேற்றங்களைக் கேட்கிற கேள்வித்தாளை எடுத்த எங்களுக்குத்தான் அந்தப் பெருமை போய்ச் சேர வேண்டும்.

இனி இரண்டாவது பாதி. எடுத்தவர்களில் சிலருக்கு ஏன் பிடித்துப்போகிறது?

முதலில் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் சென்டம் வாங்கி வருகிறவர்களில் ஒரு பகுதி முதல் வருடத்திலேயே இடிந்துபோவார்கள். பள்ளியில் அவர்கள் விரும்பியது வேகத்தை. புக் பேக் கணக்கு அத்தனையும் கைவசம், பார்த்தவுடன் சூத்திரம் ஞாபகம் வரும், ஸ்டெப் மார்க் ஒன்றுகூடப் போகாது. கல்லூரியில் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் முதல் வாரமே நான் கேட்கிற கேள்வி, "ஒரு எண் தொடர் ஓர் எல்லையை நோக்கிப் போகிறது என்றால் என்ன அர்த்தம்?" கணக்கு போடத் தெரியும், அர்த்தம் சொல்லத் தெரியாது. 'கிட்டே கிட்டே போகும் சார்' என்பார்கள். எவ்வளவு கிட்டே? 'ரொம்பக் கிட்டே சார்.' யார் கேட்கிற அளவு கிட்டே? மௌனம். இந்த மௌனம் சிலருக்கு அவமானமாக இருக்கும். சிலருக்கு மட்டும் அங்கே ஒரு கதவு திறக்கும். நூற்றுக்கு நூறு வாங்கியவர்தான் அந்தக் கதவில் நுழைவார் என்பதில்லை. எழுபது மார்க் வாங்கி, 'ஏன்' என்று கேட்டதற்காகப் பள்ளியில் திட்டு வாங்கிய பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கு படிக்காத உங்களுக்கும் காட்ட முடியும். ஒரு கல்யாண ரிசப்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர், நானூறு பேர், எத்தனையோ பேர். சிலர் சிலரோடு கைகுலுக்கிக்கொள்கிறார்கள். யார் யாரோடு, எத்தனை முறை என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "மொத்தம் எத்தனை தடவை கைகுலுக்கினீர்கள்?" என்று கேட்டு, ஒற்றைப்படை எண்ணைச் சொல்கிறவர்களை மட்டும் ஓரமாக நிறுத்துகிறோம். அப்படி நிற்கிறவர்களின் தொகை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். பதினேழு பேர் நிற்க முடியாது. பதினாறோ பதினெட்டோ நிற்கலாம், யாருமே நிற்காமலும் போகலாம்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? நான் அந்த மண்டபத்துக்கே போகவில்லை. ஆனால் ஒரு கைகுலுக்கலுக்கு இரண்டு கை வேண்டும். அது இருவர் கணக்கிலும் ஒவ்வொன்றாக ஏறும். எல்லோரும் சொன்ன எண்களைக் கூட்டினால், நடந்த கைகுலுக்கல்களைப்போல் சரியாக இரண்டு மடங்கு வரும். அதாவது கூட்டுத்தொகை இரட்டைப்படை. இரட்டைப்படை சொன்னவர்களால் அந்தத் தொகையின் இரட்டைத்தன்மை மாறாது. ஒற்றைப்படை சொன்னவர்கள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தமும் ஒற்றையாகிவிடும். அது நடக்காது. ஆகவே அவர்கள் இரட்டைப்படைதான்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு சின்னச் சத்தம் வரும். 'ஆ' என்றும் இல்லை, 'ஓ' என்றும் இல்லை. நாலைந்து பேரிடமிருந்துதான் வரும். அவர்களைக் குறித்துவைத்துக்கொள்வேன். மற்றவர்கள் "இது எக்ஸாமுக்கு வருமா சார்?" என்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். வரும், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கோட்டுருவியல் (கிராஃப் தியரி) தாளில் முதல் தேற்றமே இதுதான். ஆனால் அந்தச் சின்னச் சத்தம் போட்டவர்களுக்கு என்ன நடந்தது? நேரில் பார்க்காத, எண்ணாத, யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றி, சந்தேகத்துக்குத் துளியும் இடமில்லாமல் தெரிந்துகொண்டுவிட்டார்கள். நானூறு பேர் பொய்யே சொல்லட்டும், ஓரத்தில் பதினேழு பேர் நின்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பதினெட்டு வயதில் வேறெந்தப் பாடத்திலும் இப்படி ஒரு பிடிமானம் கிடைப்பதில்லை.

கணக்கை விரும்புகிறவர்கள் சொல்கிற "அழகு" என்பது பெரும்பாலும் இதுதான். அந்தச் சொல்லை எடுத்தவுடன் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்தான் கல்யாண மண்டபத்தைச் சுற்றி வந்தேன்.

ஆனால் அழகு மட்டும் காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்னொரு காரணம் இருக்கிறது. என் பார்வையில் அதுதான் பெரியது. அதை ஒரு சம்பவமாகத்தான் சொல்ல முடியும். அதில் மாட்டிக்கொண்டவன் நானே.

இரண்டாம் வருட மாடர்ன் அல்ஜீப்ரா வகுப்பு. தமிழ்ப் பாடநூல் மொழியில் 'குலம்' என்று ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் குரூப். சில உறுப்புகள், இரண்டைச் சேர்த்து மூன்றாவதை உண்டாக்க ஒரு விதி, நாலு நிபந்தனைகள்: அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை. (இந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கடைசி பெஞ்சிலிருந்து "நீங்க எந்தக் குலம் சார்?" என்று ஒரு குரல் வரும். அடைவு விதி உள்ள குலம் என்பேன். பிறப்பைக் கேட்காமல் நாலே நிபந்தனையில் ஆளைச் சேர்த்துக்கொள்கிற ஒரே குலம் அதுதான்.) பெருக்கும்போது வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்றால் அது எபீலியன் குலம். ஒரு குலத்துக்குள்ளேயே தனிக் குலமாக நிற்கிற சிறு கூட்டம் உட்குலம். குலத்தின் எந்த உறுப்பால் அதை இடப்பக்கம் பெருக்கினாலும் வலப்பக்கம் பெருக்கினாலும் ஒரே கூட்டம் கிடைத்தால் அது 'நேர்மை உட்குலம்'. எபீலியன் குலத்துக்குள் இருக்கிற எல்லா உட்குலங்களும் இந்த நல்ல குணத்தோடு இருக்கும். இதைக் கரும்பலகையில் நிரூபித்தேன். மணி அடிக்கிற நேரம். அவசரத்தில், "இதன் மறுதலையும் உண்மைதான், வீட்டில் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதாவது எல்லா உட்குலமும் நேர்மை உட்குலம் என்றால் குலம் எபீலியன்தான் என்று.

திங்கட்கிழமை வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்கிற பெண் எழுந்து நின்றாள். அதுவரை வருகைப்பதிவுக்கு "யெஸ் சார்" சொன்னதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை.

"மறுதலை வரலை சார்."

"வரும். ஒழுங்காப் பாரும்மா."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். எட்டு உறுப்பு இருக்கிற குலம் ஒண்ணு இருக்கு சார். அதுல வரலை."

சாக்பீஸைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எங்கே தப்புப் பண்ணியிருக்கிறாள் என்று காட்டித்தரலாம் என்றுதான் கொடுத்தேன். அவள் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டாள். 1, −1, ஐ, −ஐ, ஜே, −ஜே, கே, −கே. நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றின் பயிற்சிக் கணக்கில் இந்தக் குலத்தைப் பார்த்தாளாம். ஐயின் வர்க்கம், ஜேயின் வர்க்கம், கேயின் வர்க்கம் எல்லாம் −1. ஐயை ஜேயால் பெருக்கினால் கே. ஜேயை ஐயால் பெருக்கினால் −கே. ஆக வரிசை மாறினால் விடை மாறுகிறது, எபீலியன் இல்லை. அப்புறம் உட்குலங்களை ஒவ்வொன்றாக எழுதினாள். மொத்தம் ஆறு. 1 மட்டும் உள்ளது ஒன்று, முழுக்குலம் ஒன்று, இவை இரண்டும் கேள்விக்கே இடமில்லை. 1, −1 உள்ள உட்குலம் எல்லோரோடும் வரிசை பார்க்காமல் பெருகும், அதுவும் சரி. மீதி மூன்றும் நான்கு உறுப்பு கொண்டவை, எட்டில் சரிபாதி. பாதியாக இருக்கிற உட்குலம் தானாகவே நேர்மை உட்குலமாகிவிடும் என்று முந்தின வாரம் நானே நடத்தியிருந்தேன். அதையே எடுத்து என்மேல் போட்டாள். ஆறும் நேர்மை உட்குலங்கள், குலமோ எபீலியன் இல்லை.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். தப்பிக்க இடமில்லை. "நான் சொன்னது தப்பு. எழுதினதை அடிச்சிடுங்க" என்றேன். வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. அவள் சாக்பீஸ் தூளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சிரிக்கக்கூட இல்லை.

அவள் வீட்டில், ஊரில், பஸ்ஸில், கல்லூரி அலுவலகத்து ஜன்னலில், ஐம்பது வயது ஆம்பளையைப் பார்த்து "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காமல் திரும்பி வர முடியாது. கணக்கு வகுப்பில் முடிந்தது. என் டாக்டர் பட்டம், அனுபவம், வயது எதுவும் அந்த எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு முன்னால் எடுபடவில்லை. அவள் எனக்கு மரியாதைக் குறைவாகவும் நடக்கவில்லை, 'சார்' என்பதை ஒரு வாக்கியத்திலும் விடவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். மற்ற துறைகளில் ஆசிரியரை மறுக்க ஆய்வுக்கூடம் வேண்டும், ஆவணம் வேண்டும், பத்து வருட அனுபவம் வேண்டும். இங்கே பத்தொன்பது வயதும் ஒரு சனி, ஞாயிறும் போதும். இந்த ருசியைக் கண்டவர்கள் கணக்கை விட்டுப் போவதில்லை.

அவள் எடுத்துக்காட்டிய அந்தப் பெருக்கல் விதிக்கு ஒரு கதை உண்டு. 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளினில் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்த ஹாமில்டன் என்ற அயர்லாந்துக் கணிதவியலாளருக்கு, வருடக்கணக்காகப் பிடிபடாத அந்த விதி சட்டென்று பொறி தட்டியது. எங்கே மறந்துவிடுமோ என்று பக்கத்திலிருந்த பாலத்தின் கல்லிலேயே செதுக்கிவைத்தாராம். கட்டம் போட்ட பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அவங்க மனைவி என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டாள். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

எடுத்தபின் விரும்புவது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2007இல், கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படுகிற ஏபெல் பரிசை வாங்கிய எஸ்.ஆர். சீனிவாச வரதன் சென்னைக்காரர். மாநிலக் கல்லூரியில் அவர் எடுத்தது புள்ளியியல் ஆனர்ஸ். 1959இல் முடித்துவிட்டுக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனபோது அவர் மனதில் இருந்தது தொழிற்சாலைகளுக்கான தரக்கட்டுப்பாடு, அதாவது வேலை கிடைக்கிற படிப்பு. அங்கே கூடப் படித்த நண்பர்கள் சிலர்தான் அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் இழுத்துப் போனார்கள். அந்தப் பக்கம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நல்ல சகவாசத்தால் கெட்டுப்போனவர் என்று வகுப்பில் சொல்வேன்.

ஆசிரியரால் திசை மாறியவர்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் லயோலா கல்லூரி. சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு சேசுசபைப் பாதிரியார் 1937இல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பாணியில், சிக்கலான கணக்குகளைச் சாமர்த்தியமாகப் போடுவதிலேயே நின்றுகொண்டிருந்தது. பாரீசில் புதிதாக என்ன நடக்கிறது என்று நேரில் தெரிந்த ரசீன், பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்ததைப் படிக்கத் தூண்டினார். அவரிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. இயற்பியல்காரர்களும் அதைத் தேடி வருகிறார்கள். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்று சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் கழகம், சி.எம்.ஐ. ஒரு பாதிரியார் பாடத்திட்டத்தை மீறியதன் வட்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கணக்கை நேசிப்பதற்குக் கணக்கு சார் ஆக வேண்டும் என்ற அவசியமும் இருந்ததில்லை. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் ஆரம்பித்த ராமசாமி ஐயர் டெபுடி கலெக்டர். ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தபோது அவரோடு உட்கார்ந்து கணக்கு போட்ட நாராயண ஐயர், அந்த அலுவலகத்தின் தலைமைக் கணக்கர். பகலில் வரவு செலவு, இரவில் முடிவிலாத் தொடர்.

ராமானுஜன் பெயர் வந்துவிட்டதால் ஒன்று. அவரைக் காட்டி எந்தப் பிள்ளையையும் கணக்குக்கு இழுக்காதீர்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் தொடாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பனில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவருக்குக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி கிடைத்தார். உங்கள் அண்ணன் மகளுக்குத் தமிழ், ஆங்கிலம், அல்லைடு பிசிக்ஸ் எல்லாவற்றிலும் பாஸ் மார்க் வேண்டும். அரியர் விழுந்தால் பிடித்த பாடமும் பாரமாகிவிடும்.

பிடித்தது பிடிக்காமல் போவதும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கணக்கு தனிமையான படிப்பு. ஒரு கணக்கோடு மூன்று நாள் முட்டிக்கொண்டு ஒன்றும் கிடைக்காமல் படுக்கப்போகிற ராத்திரிகள் உண்டு. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் ரோபோ செய்து வீடியோ போடும்போது, இவள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. "என்ன படிக்கிறே?" என்று கேட்கிற மாமாவிடம் 'யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்' என்று சொல்ல முடியாது. சேர்ந்து பேச இரண்டு தோழிகள் கிடைத்துவிட்டால் தாக்குப்பிடித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் கஷ்டம்தான். நான் பார்த்தவரை, நல்ல மாணவர்கள் கணக்கை விட்டு விலகியதற்குப் பாடத்தின் கடுமையைவிடப் பேச ஆளில்லாததே பெரிய காரணம்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அண்ணன் கேட்பார். வழக்கமான பாதை எம்.எஸ்சி., பி.எட்., அப்புறம் டெட், டி.ஆர்.பி. என்று தேர்வுக்கு மேல் தேர்வாகக் காத்திருப்பது. காத்திருப்பு நீளம், அதை ஒளிக்க வேண்டாம். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி.யில் வருகிற திறனறிவுக் கணக்குகள் இவர்களுக்குக் கைவந்த கலை. காப்பீட்டுத் துறையில், இழப்பு வாய்ப்பைக் கணக்கிடுகிற ஆக்சுவரி வேலைக்கான தேர்வுகள் இருக்கின்றன, கடினம், ஆனால் தேறினால் நல்ல சம்பளம். எம்.சி.ஏ., டேட்டா சயின்ஸ் பக்கம் போகிறவர்களும் நிறைய. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் ஒழுங்காகத் தெரிந்தவர்களுக்கு அங்கே அடித்தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

நிஜமாகவே கணக்கில் ஆழமாகப் போக வேண்டுமென்றால் சி.எம்.ஐ.யின் பி.எஸ்சி. ஆனர்ஸ், பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். இரண்டுக்கும் தனி நுழைவுத்தேர்வு. பள்ளிக் கணக்கு மாதிரி இருக்காது, நிரூபணம் எழுதச் சொல்வார்கள். பழைய கேள்வித்தாள்களை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அவை கிடைக்காமல் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாலும் பாதை அடைந்துவிடாது. மூன்றாம் வருடத்தில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கலாம். நாலு வாரம், காலை முதல் மாலை வரை கணக்கு, கணக்கு மட்டும். நான் சொன்னேனே, பேச ஆளில்லாத கஷ்டம் என்று. அதற்கு அந்த முகாம் நல்ல மருந்து. என் மாணவர்கள் இரண்டு பேர் போய்வந்து ஒரு மாதம் வரை வகுப்பில் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அண்ணன் மகள் எந்த வகை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சென்டத்தின் வேகத்தை விரும்புகிறவளா, கணக்கு டீச்சரை விரும்புகிறவளா, கணக்கையே விரும்புகிறவளா? அவளையே கேட்டால் அவளுக்கும் தெரியாது, பதினேழு வயதில் யாருக்கும் தெரியாது. முதலிரண்டு வகையாக இருந்தாலும் குற்றமில்லை, அப்படி வந்துதான் பாதிப்பேர் மூன்றாவது வகை ஆனார்கள். ஆனால் ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுங்கள்:

1 முதல் 100 வரை உள்ள எண்களில் உனக்குப் பிடித்த 51 எண்களை எடுத்துக்கொள். எப்படி எடுத்தாலும், அவற்றுள் ஏதோ ஓர் எண் இன்னோர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும். ஏன்?

சூத்திரம் எதுவும் வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும். விடையை நெட்டில் தேடக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் போட்டாள் என்று பார்க்காதீர்கள், போட்டாளா என்றுகூடப் பார்க்காதீர்கள். மறுநாள் சாப்பிடும்போது தட்டில் விரலால் எண் எழுதிக்கொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். 50 எண் எடுத்தால் ஏன் இது நடக்காமல் போகலாம் என்று தானாகவே கேட்டுக்கொண்டாளானால், அண்ணனிடம் நீங்கள் அவளுக்காகப் பேசலாம். 51இலிருந்து 100 வரை எடுத்துப் பார்த்திருப்பாள்.

ரொம்பத் திணறினால் ஒரு குறிப்பு கொடுக்கலாம், மூன்று நாளைக்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள்: எடுத்த ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் வகுக்க முடிகிற மட்டும் வகுத்துக்கொண்டே போய், கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.